சோப்பு நுரைக்குப் பிறகு

டேல் கார்னகியின் புத்தகம் ஒன்றாவது இல்லாத ஹாஸ்டல் கிடையாது. யார் வாங்கியது என்று யாருக்கும் தெரியாது. அட்டை கிழிந்து, முதல் பக்கத்தில் யாரோ ஒரு சீனியரின் பெயரோடு அறை அறையாகச் சுற்றிக்கொண்டிருக்கும். கவலையை விட்டுவிட்டு வாழ்வது எப்படி என்று அவர் 1948-ல் எழுதிய புத்தகம் அப்படிப்பட்ட ஒன்று. தமிழிலும் வந்துவிட்டது. அரியர் வைத்தவன் முதல் காதலில் தோற்றவன் வரை ஒருமுறையாவது புரட்டியிருப்பான்.

அதில் ஓர் அத்தியாயம், உங்களிடம் இருப்பதைப் பத்து லட்சம் டாலருக்கு விற்பீர்களா என்று கேட்கிறது. இரண்டு கண்களுக்கு என்ன விலை சொல்வீர்கள்? கால்களுக்கு? காதுக்கு? எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள், ராக்ஃபெல்லர், ஃபோர்டு, மார்கன் மூன்று பேருடைய சொத்தையும் கொண்டுவந்து கொட்டினாலும் விற்க மாட்டீர்கள் என்கிறார் கார்னகி.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இங்கேயே கொஞ்சம் இடிக்கும். பணத்தால் அளக்க முடிந்ததை மட்டுமே கணக்கில் எழுது என்பதுதான் முதல் செமஸ்டரில் சொல்லித்தரும் பாடம். மேனேஜரின் நல்ல குணம் பேலன்ஸ் ஷீட்டில் வராது, கட்டடம் வரும். கண்ணை எந்தத் தலைப்பில் எழுதுவது? சரி, கார்னகி ஆடிட்டர் இல்லை, விட்டுவிடுவோம்.

அந்த அத்தியாயத்தின் கடைசிப் பகுதியில் ஒரு பெண் வருகிறார். பெயர் போர்க்ஹில்ட் டால். அரை நூற்றாண்டு காலம் ஏறக்குறைய பார்வை இல்லாமல் வாழ்ந்தவர். ஐம்பது வயதுக்கு மேல் ஓர் ஆபரேஷன். பார்வை வருகிறது. அடுக்களைத் தொட்டியில் பாத்திரம் கழுவும்போது சோப்பு நுரையைக் கையில் அள்ளி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். ஒவ்வொரு குமிழிக்குள்ளும் ஒரு குட்டி வானவில். ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டுகிறது, அதற்குள் சிட்டுக்குருவிகள் பறக்கின்றன. கடவுளுக்கு நன்றி சொல்கிறார். உடனே கார்னகி நம் பக்கம் திரும்பி, இத்தனை வருடம் கண்ணோடு இருந்துகொண்டு இதையெல்லாம் பார்க்காமல் இருக்கிறோமே, வெட்கப்பட வேண்டாமா என்கிறார். அத்தோடு அந்தப் பெண்ணின் கதை முடிந்தது.

ஒன்றரைப் பக்கம் வருமா? அவ்வளவுதான். ஆனால் அந்தப் பெண் வாழ்ந்தது 94 வருடம்.

பெயரைப் பார்த்ததும் சிலருக்கு ரோல்ட் டால் நினைவுக்கு வரலாம். சாக்லேட் ஃபேக்டரி கதை எழுதியவர். அவரும் நார்வேக்காரப் பெற்றோருக்கு வேல்ஸில் பிறந்தவர்தான். அதற்காக இருவரையும் சொந்தக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். 'டால்' என்றால் நார்வே மொழியில் பள்ளத்தாக்கு. மலையும் பள்ளத்தாக்குமாக இருக்கிற நாட்டில் அந்தப் பெயருக்கா பஞ்சம்!

பள்ளத்தாக்குக்குப் பஞ்சமில்லை. உழுவதற்கு நிலம்தான் இல்லை. நார்வேயின் மொத்தப் பரப்பில் பயிரிடக்கூடியது நூற்றுக்கு மூன்று பங்கு அளவுதான். அண்ணனுக்குப் பண்ணை, தம்பிக்குக் கப்பல் டிக்கெட் என்கிற மாதிரி ஒரு நிலைமை. 1825-ல் 'ரெஸ்டாரேஷன்' என்ற சின்னப் பாய்க்கப்பல் ஸ்டவாங்கர் துறைமுகத்திலிருந்து 52 பேருடன் கிளம்பியது. அக்டோபரில் நியூயார்க்கில் இறங்கும்போது 53 பேர். நடுக்கடலில் ஒரு குழந்தை பிறந்திருந்தது. அதிலிருந்து நூறு வருடத்துக்குள் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நார்வேயை விட்டு அமெரிக்கா போனார்கள். மக்கள்தொகையோடு ஒப்பிட்டால், 19-ம் நூற்றாண்டில் அயர்லாந்துக்கு அடுத்தபடியாகப் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஐரோப்பிய நாடு நார்வேதான் என்பார்கள்.

போனவர்களில் பெரும்பகுதி மின்னசோட்டா, விஸ்கான்சின், டகோட்டா பக்கம் குடியேறியது. 1862-ல் வந்த ஹோம்ஸ்டெட் சட்டம் அங்கே போய் உழுகிறவர்களுக்கு 160 ஏக்கர் கொடுத்தது. நிலம் வேண்டாதவர்களும் கிடைக்காதவர்களும் மின்னியாபொலிஸ் நகரத்துக்கு வந்தார்கள். மிசிசிப்பி ஆற்றின் அருவியை வைத்துக்கொண்டு மாவு மில்களாக ஓட்டிய ஊர் அது. 1880 முதல் 1930 வரை அமெரிக்காவிலேயே அதிகமாகக் கோதுமை மாவு அரைத்த ஊர். 1890 கணக்கெடுப்பில் அங்கே 1 லட்சத்து 64 ஆயிரம் பேர். அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வெளிநாட்டில் பிறந்தவர்கள்.

அதே 1890, பிப்ரவரி 5. அந்த ஊரில் ஒரு நார்வே குடும்பத்தில் போர்க்ஹில்ட் பிறந்தார்.

அவருக்கு இருந்தது ஒரே கண். அந்தக் கண்ணின் மேலும் முழுக்கத் தழும்பு. இடது ஓரத்தில் மட்டும் தழும்பு மூடாத ஒரு சின்ன இடைவெளி. அதன் வழியாகத்தான் உலகம். புத்தகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் முகத்தோடு ஒட்டி வைத்துக்கொண்டு, கண்ணை முடிந்த மட்டும் இடது பக்கமாக இழுக்க வேண்டும். பெரிய எழுத்துப் புத்தகமாக இருந்தாலும் இமை முடி தாளில் உரசும்.

இப்படி ஒரு பெண்ணுக்குப் பாண்டி ஆட வேண்டும் என்று ஆசை வந்தால்? தரையில் போட்ட கோடு தெரியாது. கோட்டில் கால் பட்டால் ஆட்டம் போச்சு. எந்த ஊராக இருந்தால் என்ன, பாண்டியில் சட்டம் அதுதானே. போர்க்ஹில்ட் அழுதுகொண்டு வீட்டுக்குப் போகவில்லை. மற்ற பிள்ளைகள் எல்லாம் கிளம்பிப் போகும் வரை காத்திருந்தார். பிறகு தரையில் மண்டி போட்டு, கோட்டுக்கு அருகில் கண்ணை வைத்துக்கொண்டு தவழ்ந்து போனார். எந்தக் கட்டம் எவ்வளவு தூரம், எங்கே திரும்புகிறது, எங்கே கல் துருத்துகிறது எல்லாம் மனப்பாடம். விளையாடுகிற இடம் முழுவதையும் இப்படியே மனதில் ஏற்றிக்கொண்டு, ஓடிப் பிடிக்கும் ஆட்டத்திலும் கெட்டிக்காரியாகிவிட்டார்.

கார்னகி இதைச் சொல்லிவிட்டு வேகமாக அடுத்த வரிக்குப் போய்விடுகிறார். கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம் இது. அந்தக் குழந்தை ஏன் எல்லோரும் போகும் வரை காத்திருந்தது? எனக்குக் கோடு தெரியவில்லை, காட்டு என்று ஒரு தோழியிடம் கேட்டிருக்கலாமே? கேட்டால் காட்டியிருப்பார்கள். அதற்குப் பிறகு 'பாவம்' என்றும் சொல்லியிருப்பார்கள். அந்த ஒரு வார்த்தை வேண்டாம் என்பதற்காகத்தான் இத்தனை பாடு. தவழ்ந்ததை யாரும் பார்க்கவில்லை, மறுநாள் ஆடியதைத்தான் பார்த்தார்கள். அவருடைய பாதி வாழ்க்கைக்கு இதுவே முறை ஆகிவிட்டது. மற்றவர்கள் பத்து நிமிடத்தில் செய்வதை யாரும் பார்க்காதபோது ஒரு மணி நேரம் செய்து வைத்துக்கொள்வது, பிறகு எல்லோர் முன்னாலும் சாதாரணமாகச் செய்வது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. முழுக்கப் பார்வை இல்லாதவர்களுக்கு அன்றைக்கே அமெரிக்காவில் தனிப்பள்ளிகள் இருந்தன. பிரெய்ல் இருந்தது. ஹெலன் கெல்லர் இவரை விடப் பத்து வயதுதான் மூத்தவர். நன்றாகப் பார்வை உள்ளவர்களுக்கு ஊர்ப்பள்ளி இருந்தது. நடுவில் இருந்தவர்களுக்கு ஒன்றும் இல்லை. அரைகுறைப் பார்வை உள்ள பிள்ளைகளுக்கென்று அமெரிக்காவில் முதல் வகுப்பு பாஸ்டன் பக்கம் 1913-ல்தான் தொடங்கியது. போர்க்ஹில்ட் அதற்குள் டிகிரியே முடித்துவிட்டார்.

அந்த வகுப்புகளுக்கு வைத்த பெயர்தான் வேடிக்கை. 'பார்வையைச் சேமிக்கும் வகுப்பு'! கண்ணை அதிகம் பயன்படுத்தினால் இருக்கிற பார்வையும் தீர்ந்துவிடும் என்று அன்றைய டாக்டர்கள் நம்பினார்கள். அதனால் குறைந்த பார்வை உள்ள பிள்ளைகளைப் படிக்க விடக்கூடாது, பொத்திப் பொத்தி வைக்க வேண்டும். சுத்தமான தேய்மானக் கணக்கு இது. மெஷின் வாங்கினோம், வருடா வருடம் இவ்வளவு தேயும், குறைவாக ஓட்டினால் கூடுதல் நாள் வரும். கண்ணையும் லேத் மெஷின் மாதிரிதான் பார்த்திருக்கிறார்கள்.

அந்தக் கணக்கு தப்பு என்பது பிற்பாடு தெரிந்தது. 1964-ல் நடாலி பராகா என்ற அமெரிக்க ஆய்வாளர், மிகக் குறைந்த பார்வை உள்ள குழந்தைகளுக்குப் பார்ப்பதற்கே பயிற்சி கொடுத்துப் பார்த்தார். கண் அப்படியேதான் இருந்தது. ஆனால் குழந்தைகளால் முன்பை விட நிறையப் பார்க்க முடிந்தது. வருகிற மங்கலான செய்தியை வைத்துக்கொண்டு அர்த்தம் பண்ணிக்கொள்ள மூளை பழகுகிறது. இன்றைக்கு மருத்துவர்கள் சொல்வதும் இதுதான். புத்தகத்தைக் கிட்டே வைத்துப் படிப்பதால் குறைபார்வைக்காரர்களின் கண் கெட்டுவிடாது.

1890-களில் மின்னியாபொலிஸ் வீடு ஒன்றில் தாளில் இமை உரச உரசப் படித்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு இதெல்லாம் யாரும் சொல்லவில்லை. படிக்காமல் இருக்க முடியாததால் படித்தார்.

நார்வே குடும்பங்களுக்குப் படிப்பு புதிதில்லை. அங்கே லூத்தரன் சபையில் பிள்ளைகள் உறுதிப்பூசுதல் பெறுவது 1736-லேயே கட்டாயம் ஆகிவிட்டது. அதற்கு வேதமும் ஞானோபதேசமும் தெரிய வேண்டும், அதற்குப் படிக்கத் தெரிய வேண்டும். பண்ணையாளின் பிள்ளைக்கும் எழுத்து தெரிந்தது இப்படித்தான். அமெரிக்கா போனதும் அவர்கள் கட்டியது முதலில் கோயில், அடுத்து கல்லூரி. லூதர், ஆக்ஸ்பர்க், செயின்ட் ஓலாஃப், கான்கார்டியா என்று வரிசையாக.

போர்க்ஹில்ட் போனது மின்னசோட்டா பல்கலைக்கழகத்துக்கு. 1912-ல் பி.ஏ. பட்டம். அப்போது அமெரிக்கா முழுவதும் பெண்களுக்கு ஓட்டு உரிமை வரவே இன்னும் எட்டு வருடம் இருந்தது. இவருடைய பெற்றோர் விட்டுவிட்டு வந்த நார்வே 1913-லேயே எல்லாப் பெண்களுக்கும் ஓட்டு கொடுத்துவிட்டது. வளர்ந்த நாட்டைத் தேடி வந்தவர்களை, விட்டு வந்த ஊர் முந்திக்கொண்ட கதை!

பட்டம் வாங்கிய பெண்ணுக்கு அன்றைக்கு இருந்த பெரிய வேலை டீச்சர் வேலைதான். போர்க்ஹில்டுக்குக் கிடைத்த முதல் ஊர் ட்வின் வேலி. மின்னசோட்டாவின் வடமேற்கில் குட்டியூண்டு ஊர். பெயருக்கு அர்த்தம் இரட்டைப் பள்ளத்தாக்கு. பள்ளத்தாக்கு என்று பெயர் வைத்துக்கொண்டவர் போய்ச் சேர்ந்த இடத்தைப் பாருங்கள். அந்த வட்டாரம் முழுக்க நார்வே ஆட்கள். குளிர்காலத்தில் பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரி வரைக்கும் இறங்கும். தெருவெல்லாம் பனி மூடி ஒரே வெள்ளை. நல்ல கண் உள்ளவனுக்கே எது பாதை, எது வாய்க்கால் என்று தெரியாது.

ஒரு வகுப்பறையை நினைத்துப் பார்ப்போம். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பழகியவர்கள் இன்னும் நன்றாக நினைத்துப் பார்க்கலாம். டீச்சருக்கு முதல் வரிசையே கலங்கலாகத்தான் தெரிகிறது. யார் கை தூக்குகிறார்கள், யார் காகித அம்பு விடுகிறார்கள், யார் ஜன்னல் வழியாகக் குதித்தார்கள் ஒன்றும் தெரியாது. நோட்டுத் திருத்த வேண்டும் என்றால் ஒவ்வொரு நோட்டும் மூக்கு வரை வர வேண்டும். முப்பது நோட்டு என்றால் முப்பது தடவை. இத்தனையும் வைத்துக்கொண்டு பத்து வருடம் மின்னசோட்டா, வடக்கு டகோட்டா, தெற்கு டகோட்டா பள்ளிகளில் வேலை பார்த்தார். வெறும் டீச்சராக மட்டும் இல்லை, பள்ளித் தலைமை ஆசிரியராகவும். கண் தெரியாத டீச்சர் என்று ஒரு ஊரில் பேச்சு கிளம்பினால் போதும், அடுத்த வருட கான்ட்ராக்ட் போய்விடும். பாண்டிக் கோட்டில் தவழ்ந்த முறை இங்கே சோறு போட்டது.

அதன் பிறகு மறுபடி படிப்பு. நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1923-ல் எம்.ஏ. நார்வே போய் ஓஸ்லோ பல்கலைக்கழகத்திலும் படித்தார். 1926-ல் தெற்கு டகோட்டாவின் சூ ஃபால்ஸ் நகரத்தில் ஆகஸ்டானா கல்லூரியில் இலக்கியமும் இதழியலும் கற்பிக்கும் பேராசிரியர்.

இந்தக் கல்லூரியைப் பற்றி ஒரு வரி சொல்லியே ஆக வேண்டும். 1860-ல் சிகாகோவில் பிறந்த கல்லூரி இது. மாணவர்களைத் தேடிக் குடியேறிகள் போகிற பக்கமெல்லாம் ஊர் ஊராக இடம் மாறி மாறி 1918-ல்தான் சூ ஃபால்ஸில் செட்டில் ஆனது. மனிதர்கள் குடிபெயர்வது தெரியும், கல்லூரியே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியது இங்கேதான். 2015 முதல் அது பல்கலைக்கழகம்.

அங்கே 13 வருடம். பாடம் நடத்தியதோடு சரி என்று இருக்கவில்லை. ஊர் ஊராகப் பெண்கள் சங்கங்களில் பேசினார். ரேடியோவில் புத்தகங்களைப் பற்றியும் எழுத்தாளர்களைப் பற்றியும் நிகழ்ச்சி செய்தார். ரேடியோ அவருக்குப் பிடித்திருக்கும் என்று தோன்றுகிறது. அங்கே பேசுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

வெளியில் கலகலப்பான பெண்மணி. உள்ளே ஒரு பயம். இருக்கிற அந்தச் சின்ன ஓட்டையும் ஒருநாள் அடைபட்டுவிட்டால்? அந்தப் பயத்தை அடக்கத்தான் எதற்கும் சிரிக்கிற, கொஞ்சம் அதிகமாகவே சிரிக்கிற சுபாவத்தை வரவழைத்துக்கொண்டதாகப் பின்னாளில் அவரே எழுதினார். கார்னகி இதைப் பாராட்டுகிறார். பாராட்டுவதா வருத்தப்படுவதா என்பது கேள்வி. ஒவ்வொரு வகுப்பிலும் எதற்கெடுத்தாலும் ஜோக் அடிக்கிற ஒருத்தர் இருப்பார் இல்லையா? அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் வேறு கதை இருக்கும்.

1943-ல் ரோச்செஸ்டர் நகரின் மேயோ கிளினிக்கில் ஆபரேஷன் நடந்தது. அப்போது வயது 52 என்கிறார் கார்னகி. 1890 பிப்ரவரியில் பிறந்தவருக்கு 1943-ல் 52 வருமா என்று கழித்துப் பார்க்கிற காமர்ஸ்காரர்கள், ஒரு வருடத்தை ரவுண்ட் ஆஃப் பண்ணிக்கொள்ளவும். முன்பு தெரிந்ததை விட நாற்பது மடங்கு அதிகமாகத் தெரிந்ததாம். சோப்பு நுரையும் சிட்டுக்குருவியும் இந்த இடத்தில் வருகின்றன. அடுத்த வருடமே 'ஐ வான்டட் டு சீ' என்ற சுயசரிதை வெளியானது. 'பார்க்க ஆசைப்பட்டேன்' என்று சொல்லலாம். கார்னகி கையில் கிடைத்தது அந்தப் புத்தகம்தான்.

பார்வை திரும்பினால் எல்லோருக்கும் சந்தோஷம் வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி இல்லை. இங்கிலாந்தில் சிட்னி பிராட்ஃபோர்டு என்று ஒருவர். பத்து மாதக் குழந்தையாக இருந்தபோது பார்வை போனது. செருப்புத் தைக்கும் தொழில். கைத்தடியை நீட்டிக்கொண்டு பயமே இல்லாமல் ரோட்டைக் கடப்பவர். 1958 கடைசியிலும் 1959 தொடக்கத்திலும் கருவிழி மாற்று ஆபரேஷன் செய்தார்கள். அவருக்கும் அப்போது 52 வயது. ரிச்சர்ட் கிரிகரி என்ற உளவியலாளர் கூடவே இருந்து எல்லாவற்றையும் எழுதி வைத்தார். ஆபரேஷனுக்குப் பிறகு பிராட்ஃபோர்டு ரோட்டைக் கடக்கப் பயந்தார். சுவரில் பெயின்ட் உரிந்திருப்பதைப் பார்த்தால் மனம் வாடிவிடும். முகங்களைப் பார்த்து ஒன்றும் புரியவில்லை. சாயங்காலம் விளக்குப் போடாமல் இருட்டிலேயே உட்கார்ந்திருப்பார். 1960-ல் இறந்தும் போனார்.

ஏறக்குறைய ஒரே வயது, இருவருக்கும் கண்ணில்தான் ஆபரேஷன். ஒருவருக்கு நுரையில் வானவில், இன்னொருவருக்கு உரிந்த பெயின்ட். ஏன்? மனப்பக்குவம், நன்றியுணர்வு என்றெல்லாம் சொல்லிவிட்டுப் போகலாம். அது பிராட்ஃபோர்டுக்குச் செய்கிற அநியாயம். அவருக்கு ஐம்பது வருடம் பார்ப்பது என்ன என்றே தெரியாது. அவர் மூளைக்கு அந்தப் பாஷையே புதிது. போர்க்ஹில்டுக்கு அப்படி இல்லை. அந்த ஊசித்துளை வழியாக ஐம்பது வருடம் விடாமல் பார்த்துப் பார்த்துப் பழகியவர். எழுத்து, கோடு, பனி, முகம் எல்லாம் மங்கலாகவாவது தெரிந்தவை. ஆபரேஷன் அவருக்குப் புதுப் பாஷை கற்றுக்கொடுக்கவில்லை. தெரிந்த பாஷையின் சத்தத்தைக் கூட்டிவிட்டது, அவ்வளவுதான். சேமிக்கச் சொன்ன கண்ணை அவர் செலவு செய்துகொண்டே இருந்ததால்தான் அந்தச் சோப்பு நுரை.

அதன் பிறகு எழுத உட்கார்ந்தார். பெரும்பாலும் இளம் வாசகர்களுக்கான நாவல்கள், அதுவும் நார்வே குடும்பத்துப் பெண்களைப் பற்றி. 1947-ல் 'கேரன்'. 1953-ல் 'ஹோம்கமிங்'. மின்னியாபொலிஸில் வீட்டுக்குள் நார்வே, வாசல் தாண்டினால் அமெரிக்கா என்று இரண்டுக்கும் நடுவில் வளர்கிற பெண்ணின் கதை அது. யாருடைய சாயல் என்று சொல்லத் தேவையில்லை. 1959-ல் 'ஸ்டோஅவே டு அமெரிக்கா', அந்த 1825 பாய்க்கப்பலை வைத்து எழுதியது. நடுவில் 1950-ல் நார்வே அரசர் ஏழாம் ஹாகோன் செயின்ட் ஓலாவ் பதக்கம் கொடுத்தார். வெளிநாட்டில் இருந்துகொண்டு நார்வேயை நாலு பேருக்குத் தெரியப்படுத்துகிறவர்களுக்குக் கொடுப்பது.

அரை நூற்றாண்டாக எதற்குப் பயந்தாரோ அது இதற்கிடையில் நடந்தது. பார்வை போய்விட்டது. இந்த முறை ஓட்டை கூட மிச்சமில்லை.

இதைப் பற்றியும் புத்தகம் எழுதினார். 1962-ல் வந்த 'ஃபைண்டிங் மை வே'. தலைப்புக்கு, வழி கண்டுபிடித்துக்கொண்டு போகிறேன் என்று அர்த்தம். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. முழுக்கக் கண் தெரியாமல் அன்றாட வாழ்க்கையை எப்படித் திரும்ப முதலிலிருந்து பழகிக்கொண்டார் என்பதுதான் விஷயம். சோப்பு நுரைப் புத்தகத்தை எழுதியவரேதான் இதையும் எழுதியிருக்கிறார். அதில் தெரிந்ததைச் சொன்னார், இதில் தெரியாமல் போனதைச் சொன்னார்.

அமெரிக்காவில் கண் தெரியாதவருக்கு ஒரு கடைக்குப் போவது எவ்வளவு வம்பு என்பதற்கு ஒன்று மட்டும் சொல்லலாம். டாலர் நோட்டுகள் எல்லாம் ஒரே அளவு. ஒரு டாலரும் நூறு டாலரும் கைக்கு ஒரே மாதிரிதான். அங்கே பார்வையற்றவர்கள் நோட்டை ஒவ்வொரு விதமாக மடித்து வைத்துக்கொள்வார்கள். ஒன்றை மடிக்காமல், ஐந்தைக் குறுக்கே, பத்தை நீளவாக்கில் என்று ஆளுக்கொரு கணக்கு. கடைக்காரர் கொடுக்கும் மீதிச் சில்லறைக்கு அவர் வார்த்தைதான் அத்தாட்சி. பார்வையற்றோர் அமைப்பு ஒன்று கேஸ் போட்டு, இது பாரபட்சம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னதே 2008-ல்தான். எழுபது வயதுக்கு மேல் ஒரு ரிடையர்ட் பேராசிரியர், ஒரு காலத்தில் வகுப்பில் யாருக்கும் தெரியாமல் சமாளித்தவர், இப்போது கல்லாவில் நின்று, இது எத்தனை டாலர் நோட்டு என்று முன்பின் தெரியாத ஒருவரிடம் வாய்விட்டுக் கேட்டாக வேண்டும்.

எல்லோரும் போன பிறகு கோட்டில் தவழ்ந்த சிறுமிக்கு இதுதான் கஷ்டமான பாடமாக இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. கண் இல்லாமல் இருப்பதை விட, கண் இல்லை என்று சொல்வது. 1962 புத்தகம் அட்டை போட்டுக் கடையில் வைத்து அதைச் சொன்னது. கார்னகி சொல்லும் நன்றிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பாத்திரம் கழுவும் தொட்டி முன்னால் நின்று வானவில்லுக்கு நன்றி சொல்வது நல்ல விஷயம்தான், யாரும் குறை சொல்லவில்லை. அந்த வானவில் போன பிறகும் அதே தொட்டியில் பாத்திரம் கழுவ வேண்டும். அந்தப் பாத்திரங்களைப் பற்றிக் கார்னகியிடம் ஒன்றும் இல்லை. இருக்கவும் முடியாது. அவர் 1955-லேயே இறந்துவிட்டார்.

போர்க்ஹில்ட் அதற்கப்புறமும் நிறுத்தவில்லை. 1960-களிலும் நாவல்கள் வந்துகொண்டிருந்தன, நார்வே கதைகளாகவே. 1984 பிப்ரவரியில் இறந்தார். மேயோ கிளினிக் ஆபரேஷன் முடிந்து 41 வருடம் ஆகியிருந்தது.